பேறுகாலம் பார்ப்பவர்

நாய் சினையாக இருக்கிறது என்று இவரிடம் சொல்லக் கூடாது. மாசமாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். குட்டி போடுதல், ஈனுதல் போன்ற சொற்களுக்கு இவர் வீட்டில் இடமில்லை, டெலிவரிதான். அநேகமாகப் பணி ஓய்வு பெற்றவர். தம் இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் ஆடிட்டுக்காக வெளியூரில் இருந்தவர் என்பது மனைவி தரும் கூடுதல் தகவல்.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஜூலி என்றோ ரோஸி என்றோ பெயர் கொண்ட அந்த ஜீவன் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இவர் தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்கு மேலே சிவப்புப் பேனாவால் நாள் எண் போட்டு வருவார். 50 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் எலும்பு தெரியும், எண்ணிவிடலாம். எண்ணி வந்த அன்று, ‘ஆறு’ என்று வாட்ச்மேனுக்கு முதலில் சொல்லப்படும். கால்சியம் மாத்திரையும் வாங்கியாகிவிட்டது. சினைக்காலத்தில் அதைக் கூடுதலாகக் கொடுத்தால், பால் சுரக்கும்போது எலும்பிலிருந்து சத்து எடுக்கும் வழக்கத்தை உடம்பு மறந்துவிடும், வலிப்பு வரலாம் என்று டாக்டர் கண்டித்ததால், அட்டை பிரிக்கப்படாமல் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது.

54-ஆம் நாள் தெர்மாமீட்டர் வெளியே வரும். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வரும். வாலைத் தூக்கி, நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியதுதான். இதில் தப்பே இல்லை. பார்த்ததைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் தப்பு. ‘காலை 6 மணி: 101.2. லேசான அசதி.’ அசதி யாருக்கு என்ற விவரம் இருக்காது. ‘தண்ணி லாரி வந்துச்சா?’ என்று ஒருவர் கேட்பார். அடுத்த வரியில் ‘100.8’ என்று பதில் போல வந்து நிற்கும். பெட்ரோல் விலை என்று நினைத்து பங்க்குக்கு வண்டியை எடுத்தவரும் உண்டு. இரவு 11 மணிக்கு, ‘99.6. அனைவரும் அமைதி காக்கவும்’ என்று வந்ததற்குக் கீழே, ‘மோட்டார் எப்போ போடுவீங்க?’ என்று கேட்ட மூன்றாம் மாடிக்காரரோடு இன்றுவரை லிஃப்டில் பேச்சு வார்த்தை கிடையாது. பேரனுக்குக் காய்ச்சல் வந்த அன்று, டிராயரில் இருந்த தெர்மாமீட்டர் எது என்பதை மருமகள் கண்டுபிடித்தார். அதன் பிறகு வீட்டில் இரண்டு தெர்மாமீட்டர். எது எது என்பதில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

பிரசவத்துக்கென்று அட்டைப்பெட்டியில் பழைய வேட்டி விரித்து வைத்திருப்பார். நாய் அதை மோந்து பார்த்துவிட்டு, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்த் தரையைப் பிறாண்டும். சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பும், மூச்சு இரைக்கும். தெர்மாமீட்டர் இல்லாமலே தெருவில் எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள் இவை. இவர் நாற்காலியில் கண்ணயர்ந்த 2 மணிக்கு முதல் குட்டி வந்துவிட்டது. தாயே உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கித் துடைத்தும் விட்டது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் அரை மணி, ஒரு மணி ஆவது சகஜம். அரை மணிக்கு மேல் முக்கியும் வராவிட்டாலோ, உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காவிட்டாலோ டாக்டரை எழுப்ப வேண்டும். இவர் ஏழாவது நிமிஷத்தில் எழுப்பினார்.

ஐந்தாவது குட்டி அசைவில்லாமல் வந்தது. தோளில் கிடந்த துண்டில் அதை ஏந்தி, மூக்கையும் வாயையும் துடைத்து, முதுகை விடாமல் தேய்த்தார். பத்து நிமிஷம் இருக்கும். கீச்சென்று ஒரு சத்தம். குழுவில் இதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வரவில்லை.

பிறந்த குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறுதான் கணப்பு. முதல் நாள் சீம்பால் கட்டாயம். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் நாய்ப்பாலில் உள்ளதில் பாதிகூட இல்லை என்பதால் இவர் கொண்டுவந்த பாலாடை திருப்பி அனுப்பப்பட்டது. கண் திறக்கப் பத்துப் பதினான்கு நாள். எடை பார்க்கச் சமையலறைத் தராசு போனது. அதன் பிறகு ரவை உத்தேசமாகத்தான் அளக்கப்படுகிறது.

ஆறில் நாலு பெண். பெண் குட்டியை யாரும் கேட்பதில்லை. குட்டிகள் எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்று குழுவில் எழுதியவரே 40-ஆம் நாள் லிஃப்டில் வழிமறிக்கிறார்: “சார், ஒண்ணு எடுத்துக்குங்களேன், காவலுக்கு ஆச்சு.” இது மூன்றாவது ஈற்று. குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும், “அவ வயித்துல கத்தி வைக்க மனசு வரல” என்று இவர் திரும்பி வந்துவிடுகிறார். போன ஈற்றில் மிஞ்சிய இரண்டும் காய்கறி மார்க்கெட் வாசலில் திரிகின்றன. அதில் ஒன்று இப்போது சினையாக இருக்கிறது.