பெயர்ப்பலகையியல்: சிறுமுதல் கடைகளின் நாமகரணம் குறித்த ஓர் ஆய்வு

சிறுகடை திறப்பவர் கையிலுள்ள பணம் மூன்று வழியாக வெளியேறும்: அட்வான்ஸ், அடுப்பு, ஐயர். இவை போக ஏதேனும் எஞ்சினால் அதற்குப் பிராண்டிங் என்று பெயர். எஞ்சாவிட்டாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும்; அப்போது அதற்கு மச்சானிடம் வாங்கிய கைமாற்று என்று பெயர். மேலாண்மைக் கல்லூரிகளின் கண் பெரிய நிறுவனங்கள் மேலேயே இருப்பதால் டீக்கடை, இட்லி மாவுக் கடை, செல்போன் ரிப்பேர் கடை அடங்கிய பெருநிலம் தரிசாகக் கிடக்கிறது. அதில் ஒரு சால் ஓட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நகைக்கடைகளும் ஐந்து மாடித் துணிக்கடைகளும் ஆய்வெல்லைக்குள் வரா. அவர்களுக்கு நடிகர்கள் இருக்கிறார்கள்.

கோட்பாட்டுக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. பெயர்களை இடுகுறி, காரணம் என்று பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பிரித்து வைத்துவிட்டார். நம் கருதுகோள் இது: கடைக்காரர் காசு கொடுத்து வைப்பது இடுகுறிப்பெயர், தெரு காசு வாங்காமல் வைப்பது காரணப்பெயர், இரண்டும் மோதினால் தெருவே வெல்லும்.

முதலில் இடுகுறிப்பெயரின் புணர்ச்சி விதிகளைக் காண்போம். ஒருவர் இட்லி மாவுக் கடை திறக்கிறார். பிள்ளைகள் ஹர்ஷிதா, பிரணவ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் புணர்ந்து 'ஸ்ரீ ஹர்பிர ஃபுட்ஸ்' ஆகும். இல்லாத 'ஸ்ரீ' வந்தது தோன்றல் விகாரம். 'ஷிதா'வும் 'ணவ்'வும் போனது கெடுதல். தன் பெயர் எங்குமே வரவில்லை என்று மாமனாரின் முகம் மாறியது திரிதல். இதற்குப் பின் நியூமராலஜிக்காரர் வந்து, ஆங்கில எழுத்தில் இன்னொரு 'ஏ' சேர்த்தால்தான் கூட்டுத்தொகை ஒத்துவரும் என்பார். அந்த 'ஏ'க்கு ஒலி கிடையாது, கட்டணம் உண்டு.

இங்கே ஒரு புறனடை. பலகையில் 'நியூ' என்று இருந்தால் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது என்று கொள்க. 'ஒரிஜினல்' என்று இருந்தால் இன்னும் முடியவில்லை என்று கொள்க.

1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும் நன்னூல் வழியிலேயே நடக்கிறது. பொருளின் வகையையோ தரத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய அதன் 9ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 'சுவையான மாவு' என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த தெருக்காரர் அதையே வைக்கக் கூடாது என்று சண்டைக்குப் போக முடியாது. அவர் மாவும் சுவையாக இருந்து தொலைக்கலாம். ஆக, சட்டத்துக்கு இடுகுறிமேல்தான் பிரியம். காரணப்பெயர் உள்ளே வர ஒரு கொல்லைப்புற வாசல் உண்டு: பெயரைக் கேட்டதுமே அந்த ஒரு கடைதான் நினைவுக்கு வரும் என்ற அளவுக்கு அது முன்பே புழங்கியிருக்க வேண்டும். இணையவழியில் தனிநபர் விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவுக்கு ஆயுள் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். வகுப்புகள் மொத்தம் 45. மாவாக விற்றால் 30ஆம் வகுப்பு. அதையே அவித்து இலையில் வைத்தால் 43ஆம் வகுப்பு. ஆவி பட்டால் வகுப்பு மாறும் என்ற இந்த நுட்பம் தொல்காப்பியருக்கும் எட்டாதது.

கருதுகோளுக்குச் சான்று தேடி அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் திறந்து ஒற்றை விளக்கில் அல்வா விற்ற கடைக்கு எந்த ஆலோசகரும் பெயர் தரவில்லை. வெளிச்சம் போதவில்லை, மக்கள் 'இருட்டுக்கடை' என்றார்கள். திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கியதன் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். பலகை சொன்னதை விட்டுவிட்டு அவர் தலையில் கட்டியிருந்ததைப் பார்த்து ஊர் பெயர் வைத்தது. பின்னாளில் 'தலப்பாக்கட்டி' என்ற பெயருக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. குறையும் தலைப்பாகையும் பிராண்டாகும் ஊரில் பெயருக்குச் செலவழிப்பானேன் என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், ஆனால் பலகை இல்லாமல் கடை திறந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

எனவே நம் தொழில்முனைவர் டிடிபி கடைக்குப் போகிறார். பிராண்டிங் எனும் வேள்வி முழுதும் இங்கேதான் நடக்கிறது. டிசைனர் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்தவர் மானிட்டர்மேல் விரலை வைத்து, "தம்பி, கடை பேர இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க" என்கிறார். ஆகிறது. "போன் நம்பரும் தெரியணும்ல, அதையும் பெருசாக்குங்க." ஆகிறது. முருகன் படமும் பெரிதாகிறது. கடை இன்னும் திறக்கவே இல்லை, 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை' என்ற வரி அதற்குள் ஏறிவிட்டது. "எல்லாத்தையும் பெருசாக்குனா எதுவுமே பெருசாத் தெரியாதுண்ணே" என்று தம்பி சொல்வது வடிவமைப்புக் கலையின் முழுச் சாரம். அதற்கு அவர் தனியே காசு வாங்குவதில்லை. அதனால்தான் யாரும் கேட்பதுமில்லை. இட்லி படம் இணையத்திலிருந்து இறங்கும். பக்கத்தில் முள்கரண்டியும், நம் ஊர்ச் சந்தையில் கிடைக்காத ஏதோ ஓர் இலையும் கிடக்கும். பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே வேலை பார்ப்பதால், சில பலகைகளில் முந்தைய வாடிக்கையாளரான தையல் கடையின் கைபேசி எண்ணும் தங்கிவிடுவதுண்டு. மாவு கேட்டுப் போன் வந்தால் அந்தத் தையல்காரர் என்ன செய்வார் என்பது தனி ஆய்வுக்குரியது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் பலரும் அதிக நேரம் செலவிடுகிறார்கள். ராசிக்குச் சிவப்பா, வாஸ்துவுக்கு மஞ்சளா என்று இரண்டு நாள் குடும்பமே கூடிப் பேசுகிறது. இறுதி முடிவு சூரியனுடையது. சதுர அடி கணக்கில் அடித்து, ரீப்பர் சட்டத்தில் இழுத்து ஆணியடித்த ஃப்ளெக்ஸில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். நீலச்சாயமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். சிவப்பே அந்த மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்ததுதான் என்பதால் அதற்கும் அதே கதி. மேற்குப் பார்த்த கடையாக இருந்தால் கோடை முடிவதற்குள் காரச் சட்னி நீலமாகிவிடும். சாம்பாரும் அப்படியே. முருகனுக்குப் பாதகமில்லை; கொஞ்சம் கிருஷ்ணன் சாயல் வரும், அவ்வளவுதான்.

ஃப்ளெக்ஸுக்கும் வழியில்லாதவருக்குக் குளிர்பானக் கம்பெனி இலவசப் பலகை தருகிறது. தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. கம்பெனிப் பலகையின் விகிதம் எளியது: பாட்டில் பெரும்பங்கு, கடைக்காரர் வலது ஓரம். தன் கடை வாசலிலேயே அவர் குடக்கூலிக்கு இருப்பவர்போல் தெரிவார்.

2016இல் யுபிஐ வந்தபின் இந்த ஆய்வில் மூன்றாவது பெயரொன்றும் நுழைந்திருக்கிறது. ஸ்கேன் செய்தால் 'ஸ்ரீ ஹர்பிர ஃபுட்ஸ்' வருவதில்லை. வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வருகிறார். "விஜயலட்சுமின்னு காட்டுது, அனுப்பலாமாண்ணே?" "அது வீட்டுல, அனுப்புங்க." ஒரு ரூபாய் செலவில்லாமல், பில்லுக்கு ஒருமுறை, உரக்க உச்சரிக்கப்படும் பெயர் இது ஒன்றுதான். நியூமராலஜிக்காரர் இதைப் பார்க்கவே இல்லை.

இனி, முடிவைத் தெரு எப்படி அறிவிக்கிறது என்பது. கடை மின்வாரிய அலுவலகத்துக்கு எதிரே இருக்கிறது. ஆகவே அது 'ஈபி ஆபீஸ் மாவுக் கடை'. அலுவலகம் பைபாஸ் பக்கம் மாறிப் போனாலும் பெயர் மாறாது. கடைக்காரரும் சில நாள் திருத்திப் பார்ப்பார். பிறகு வழி கேட்டுப் போன் வந்தால் அவரே, "பழைய ஈபி ஆபீஸ் தெரியுமா?" என்றுதான் தொடங்குவார்.

இதற்கிடையில் சிவகாசியில் மல்டிகலரில் அடிக்கக் கொடுத்த விசிட்டிங் கார்டு, ஆயிரம் எண்ணிக்கை, பார்சலில் வரும். முதலாளி மாவு அரைக்க உள்ளே போயிருப்பார். கூரியர்க்காரர் வாசலில் நின்று, "ஹர்பிர ஃபுட்ஸ் எங்கப்பா?" என்பார். கல்லாவில் இருக்கும் பையன் பார்சலை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லண்ணே" என்பான்.