யூ கோடு வந்தால் ஒயரைப் பாருங்கள்

கே: காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் ஏ.பி.எஸ்., பவர் ஸ்டியரிங், ஏர்பேக் விளக்குகள் மொத்தமாக எரிகின்றன. இத்தனையும் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகுமா சார்? (கரூர் வாசகர்)

ப: போகாது. மூன்று பாகமும் ஒன்றாகக் கெட்டதாக வண்டி சொன்னால், மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் கோளாறு. பேட்டரி, எர்த், மாட்யூல்கள் (கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) பேசிக்கொள்ளும் கேன் லைன். இதே வரிசையில் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். வோல்ட் போதாமல் சில மாட்யூல்கள் ஒரு கணம் அணைந்து எழும். எழுந்ததும் ஒன்றையொன்று காணோம் என்று பிழைக் கோடு எழுதி வைக்கும். பேட்டரியை மாற்றியதோடு முடிந்துபோன கேஸ்கள் நிறைய.

கே: கேன் லைன் என்கிறீர்களே, அது என்ன? (தேனி வாசகி)

ப: ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர். அவ்வளவுதான்! ஆனால் கார் வயரிங்கில் இதைப்போல் அழகான ஏற்பாடு வேறொன்று இல்லை என்பேன். சக்கர வேகத்தை அளப்பது ஏ.பி.எஸ். மாட்யூல். அந்தக் கணக்கு மீட்டர் போர்டுக்கும் வேண்டும், ஸ்டியரிங்குக்கும் வேண்டும், ஆட்டோமேட்டிக் கியருக்கும் வேண்டும். முன்பு ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. பாஷ் நிறுவனம் 1983-ல் தொடங்கி, 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய முறையில், ஒருவர் சொன்னால் லைனில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். மாட்யூல்கள் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இக்னிஷன் காயிலின் இரைச்சல் உள்ளே புகுந்தாலும் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு புகும், வித்தியாசம் மாறாது. முறுக்கி வைத்திருப்பது அதற்காகத்தான்.

கே: ஸ்கேனரில் யூ0121 வந்தது. ஏ.பி.எஸ். மாட்யூலை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா? (ஓசூர் வாசகர்)

ப: பொறுங்கள். யூ0121-க்குப் பொருள், ஏ.பி.எஸ்.ஸோடு பேச்சு அறுந்துவிட்டது என்பது மட்டுமே. எதிர் வீட்டில் மணி அடித்தும் கதவு திறக்கவில்லை என்று தெருக்காரர்கள் சொல்கிறார்கள்; மணிக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டலாமா? முதலில், இந்தக் கோடு எந்தெந்த மாட்யூலில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். எஞ்சின், கியர், மீட்டர் போர்டு எல்லாமே ஏ.பி.எஸ்.ஸைக் காணோம் என்றால் ஏ.பி.எஸ். பக்கம் போகலாம். அங்கேயும் முதலில் ஃப்யூஸ், பிறகு எர்த், அப்புறம் கனெக்டர்.

ஒரு விஷயத்தைக் கவனமாகச் செய்யச் சொல்லுங்கள். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்து, 12 வோல்ட் வருகிறது, சப்ளை சரி என்று பலர் நகர்ந்துவிடுகிறார்கள். பத்து இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 காட்டும். சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை சரி. மங்கினால் மாட்யூல் குற்றவாளி அல்ல. (கேன் ஒயரிலும் ஏர்பேக் ஒயரிலும் பல்பை வைக்கவே கூடாது.) இந்தச் சோதனை செய்யாமல் மாட்யூலுக்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

கே: 60 ஓம் இருக்கிறதா பார் என்று என் அண்ணன் சொல்கிறார். எங்கே பார்ப்பது? (நாகர்கோவில் வாசகர்)

ப: அண்ணனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் அளக்க வேண்டும். லைனின் இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. இரண்டும் சேர்ந்து 60 காட்டினால் லைன் முனைக்கு முனை அறாமல் இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை துண்டித்துவிட்டது. 40 என்றால் ரெசிஸ்டர் ஒன்று கூடுதலாக நுழைந்திருக்கிறது. வேறு மாடலின் மாட்யூலை மாட்டியிருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ உரசுகின்றன. அளக்கும்போதே ஒயர் கட்டை ஆங்காங்கே அசைத்துப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் வேலை.

புதிய கார்கள் பலவற்றில் சாக்கெட்டுக்கும் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற மாட்யூல் உட்கார்ந்திருக்கும். அதில் இந்த அளவை நம்ப முடியாது. கேட்வேக்குப் பின்னால் போய்த்தான் அளக்க வேண்டும்.

கே: ஸ்கேனரே ஆன் ஆகவில்லை. ஈ.சி.எம். போய்விட்டதா? (விழுப்புரம் வாசகர்)

ப: வண்டி ஓடுகிறதல்லவா? அப்புறம் ஈ.சி.எம்.மை (எஞ்சின் மாட்யூலை) ஏன் சந்தேகிக்கிறீர்கள்! சாக்கெட்டின் 16-வது பின்னில் 12 வோல்ட், 4, 5-ல் எர்த் வர வேண்டும். பல கார்களில் இதற்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃப்யூஸ். மலிவான சார்ஜர் அதை எரித்திருக்கும்.

கே: மழை பெய்தால் மட்டும் கோளாறு. வெயிலில் காட்டினால் ஒன்றுமில்லை என்கிறார்கள். (நீலகிரி வாசகி)

ப: ஓட்டுநர் பக்கக் கால் மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டு அழுத்துங்கள். ஈரமா? கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருக்கும். தண்ணீர் வந்த வழியை அடைத்துவிட்டுப் பிறகு பின்னைச் சுத்தம் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் அடுத்த மழைக்கு மறுபடி வருவீர்கள்.

கே: எலி கடித்த கேன் ஒயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். போதுமா? (பழனி வாசகர்)

ப: போதாது. முறையாக இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, இரண்டு ஒயரையும் பழையபடி முறுக்கி வைக்க வேண்டும். இணைப்புகள் நேருக்கு நேர் வராமல் தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

கே: ஜி.பி.எஸ். டிராக்கர் போட்ட நாளிலிருந்து எச்சரிக்கை விளக்கு. (தூத்துக்குடி வாசகர்)

ப: கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கே: விளக்கு எரியும்போது ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா? (செங்கல்பட்டு வாசகர்)

ப: கூடாது. ஒவ்வொரு மாட்யூலும் தான் அனுப்புவதில் எத்தனை பிழை என்று தானே எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு 255-ஐத் தாண்டினால், மற்றவர் பேச்சைக் கெடுக்காமல் லைனை விட்டுத் தானே ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் ஆஃப் செய்து ஆன் செய்யும்போது கணக்கு அழிந்து, திரும்ப வந்து சேர்கிறது. பிழை உண்டாக்கும் காரணம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த முறை விளக்கு எரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பாமல் ஸ்கேனரை வரவழையுங்கள். எந்த மாட்யூல் பதில் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். கோடுகளை அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.