தொலைத்திரை அளவியல்: தருமபுரத்து யாழ்மூரியை முன்வைத்து ஓர் ஆய்வு

தொலைவில் இருக்கும் பெரியது நம் கையில் இருக்கும் சிறியதற்குள் அடங்க மறுத்த முதல் வழக்கு காரைக்கால் தருமபுரத்தில் நடந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. காலம் 7ஆம் நூற்றாண்டு. தொலைக்கணினியை இங்கிருந்தே இயக்க மைக்ரோசாஃப்ட் தன் டெர்மினல் சர்வரை வெளியிட்டதோ 1998இல். ஆகவே முன்னுரிமை யாருக்கு என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

எந்தத் தருமபுரம் என்பதை முதலில் வரையறுத்துவிடுவோம். ஆதீனம் இருக்கும் தருமபுரம் மயிலாடுதுறையை ஒட்டியது. தருமபுரி சேலத்துக்கு அப்பால். நாம் எடுத்துக்கொண்டது, காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் வழியில், பேருந்தில் உட்கார இடம் கிடைப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். சனிக்கிழமைக் கூட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறது. சனி பகவானுக்கு அஞ்சுகிறவர்கள் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்கு அஞ்சுவதில்லை, அனுபவம் போதாது.

வழக்கின் விவரத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பதிந்திருக்கிறார். திருஞானசம்பந்தர் பாடுவதை அப்படியே யாழில் எடுத்து வாசித்து உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். ஊர் உறவுக்காரர்கள், பாட்டு இவ்வளவு பரவியதற்குக் காரணமே நம் பிள்ளையின் யாழ்தான் என்று பெருமை பேசிவிட்டார்கள். தாய்வீட்டில் இப்படிப் பேசுவது இன்றும் உண்டு. நொந்துபோன பாணர், யாழில் அடங்காத பாட்டொன்று பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடினார். முதல் திருமுறையின் 136ஆவது பதிகம், அத்திருமுறையின் கடைசிப் பதிகம், அதுதான். யாழ்மூரி என்று பெயர். இன்றும் ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுகிறார்கள். கோயில் இறைவனும் யாழ்மூரிநாதர் ஆனார். பாட்டு நரம்பில் ஏறவில்லை. பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து வாங்கி, கருவியில் வருகிற அளவுக்கு வாசித்தால் போதும் என்ற பொருள்படத் தேற்றித் திருப்பிக் கொடுத்தார்.

தொலைவில் இருக்கும் திரையை நம் திரைக்குள் அடங்கச் சுருக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் மென்பொருள்காரர்கள் ஸ்மார்ட் சைசிங் என்கிறார்கள்.

இசைக்கும் திரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் உளர். பழைய உரைகள் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று கணக்கிடுகின்றன. கருவியின் கொள்ளளவை எண்ணால் குறிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. நரம்பு, பண், சுருதி என்று அதில் விடுபடாத பொருள் அரிது. மானிட்டர் மட்டும் விடுபட்டுவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பவே இம்முயற்சி.

இனி இக்காலத்துக்கு வருவோம். தொலைக்கணினி உலகில் இரண்டு மதங்கள் உண்டு. முதலாவது, விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் மதம். இணையும்போதே நம் திரையின் அளவைச் சொல்லிவிட்டால், அந்தப்பக்கத்துக் கணினி அதே அளவில் புதிதாக ஒரு திரையை வரைந்து அனுப்பும். யாழைப் பார்த்துவிட்டுப் பாட்டை அமைப்பது போன்றது இது. இரண்டாவது, கண்ணாடி மதம். வி.என்.சி., டீம்வியூவர், எனிடெஸ்க் முதலியவை அங்கே மானிட்டரில் என்ன இருக்கிறதோ அதையே படம்பிடித்துத் தரும். சுருக்கிப் பார்ப்பதா, உண்மை அளவிலேயே வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதா என்பது பார்ப்பவர் பாடு. யாழ்மூரி இந்த மதத்தைச் சேர்ந்தது.

சான்றுக்கு ஒரு வீடு. தருமபுரத்தில் திண்ணையை ஒட்டிய அறையிலிருந்து சென்னை அலுவலகத்துக்குக் கணக்கு எழுதும் இளைஞர். மடிக்கணினி 1366க்கு 768. அலுவலக மானிட்டர் 1920க்கு 1080. அங்கே 20,73,600 புள்ளிகள், இங்கே 10,49,088. கிட்டத்தட்டச் சரிபாதி. சுருக்கினால் நீளமும் உயரமும் 71 விழுக்காடாகும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியில் நிற்கும். அப்போது நிகழ்ந்த தொலைபேசி உரையாடல் ஆய்வுக்கு இன்றியமையாதது.

“அண்ணே, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குண்ணே.”

“ஒரிஜினல் சைஸ்ல வைச்சுப் பாரு தம்பி.”

“வச்சேன். சேவ் பட்டன் திரைக்கு வெளிய போயிடுச்சு.”

“அப்ப சுருக்கி வச்சுக்க.”

“சுருக்குனா எறும்புண்ணே.”

தர்க்க நூலார் இதனை என்னவென்று அழைப்பர் என்பதைப் படிப்பவர் முடிவுக்கு விடுகிறேன். ஆனால் தமிழுக்கு மட்டும் இங்கே தனித் துன்பம் ஒன்று உண்டு. சுருக்கும்போது முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. பெயர்ப்பட்டியலில் ஒற்றெல்லாம் உயிர் பெற்று எழுந்துவிடும். இதில் பதறுவதற்கு ஒன்றுமில்லை. ஓலை கிழிந்துவிடும் என்று ஏட்டில் எழுதியவர்களும் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஸ்மார்ட் சைசிங் செய்வதெல்லாம் சுவடி மரபை மீட்டெடுப்பதுதான். உ.வே.சா. பட்ட பாட்டை இனி ஒவ்வொரு கணக்கரும் படவேண்டும், அவ்வளவே.

முதல் மதத்துக்காரருக்கு வேறொரு வினை. உள்ளே நுழைந்த பிறகு அந்தப்பக்கத்து டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து அளவை மாற்றப் போனால், தொலைவிலிருந்து இதை மாற்ற முடியாது என்று கணினி சொல்லிவிடும். இதனை ஒரு நூற்பாவாக யாத்திருக்கிறேன்.

தொலைத்திரை அளவே தொடங்குமுன் அமையும்;
தொடங்கிய பின்னர் அடங்கியே கிடக்கும்.

என்பது சூத்திரம். இதன் பொருள்: அளவைத் தீர்மானிக்க வேண்டிய இடம் இந்தப்பக்கத்துக் கணினி, இணைப்புக்கு முன். இணைப்புச் சாளரத்தில் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ அழுத்தி, டிஸ்ப்ளே பகுதியில் இருக்கும் நகர்த்துகோலை இழுக்க வேண்டும். புறனடை: விண்டோஸ் 8.1 காலம் முதல், திரையைச் சுழற்றினாலோ புது மானிட்டரைச் செருகினாலோ மறுமுனை தானே ஒத்துப்போகக் கற்றுக்கொண்டது. பழைய சர்வர்கள் கற்கவில்லை.

அதே பகுதியில் ‘எல்லா மானிட்டர்களையும் பயன்படுத்து’ என்றொரு கட்டம் விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. இது குறித்துக் காரைக்கால்காரருக்கு வகுப்பு எடுப்பது வீண். அவர் வாழும் ஒன்றியப் பிரதேசமே நான்கு மானிட்டர் அமைப்பு. நடுவில் புதுச்சேரி, தெற்கே காரைக்கால், ஆந்திரத்துக்குள் ஏனாம், கேரளக் கரையில் மாஹே. எல்லாம் ஒரே டெஸ்க்டாப். ஆனால் சுட்டி காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று திரையே இல்லாத வெளியைக் கடந்தாக வேண்டும். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1 வரை பாரிஸிலிருந்து இயக்கப்பட்ட ஊர் இது. சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். லாக் ஆஃப் ஆகவே எட்டு வருடம் பிடித்த இணைப்பு அது.

‘டூப்ளிகேட்’ என்னும் தெரிவையும் காரைக்கால் முன்பே அறியும். கணவன் அனுப்பிய மாங்கனிகளில் ஒன்றைக் காரைக்கால் அம்மையார் அடியாருக்கு இட்டுவிட, இறையருளால் இன்னொன்று கைக்கு வந்தது. அது முன்னதைவிட இனித்ததால்தான் கணவனுக்கு ஐயம் எழுந்தது. நகல் மூலத்தை விஞ்சுவது கணினித்துறையில் இதுவரை நடக்கவில்லை. ‘ஓரியன்டேஷன்’ பெட்டியில் தலைகீழ் லேண்ட்ஸ்கேப் யாருக்காக என்று பிற ஊர்களில் கேட்பார்கள். தலையால் நடந்து கயிலை போன அம்மையாரின் ஊரில் கேட்க மாட்டார்கள்.

பிரான்ஸில் குடியேறிய பிள்ளைகள் இங்கே பெற்றோரின் கணினியைச் சரிசெய்து கொடுக்கும்போது வழக்கு தலைகீழாகிறது. அங்கே 3840க்கு 2160; இங்கே பழைய சின்ன மானிட்டர். பேரியாழில் தாலாட்டு வாசித்த கதை. போதாக்குறைக்குப் பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ இருக்கும் இடமும் கியூ இருக்கும் இடமும் மாறிக் கிடக்கும். கடவுச்சொல் தவறென்று வந்தால் அம்மாவைக் கோபித்துக்கொள்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

நிற ஆழம், 56 கே மோடம் என்று இன்னும் காட்டும் எக்ஸ்பீரியன்ஸ் பகுதி ஆகியவற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 15 பிட்டில் 32,768 நிறங்களே வரும்; கணக்குப் புத்தகத்துக்கு அது தாராளம்.

தீர்ப்பு இதுதான். மறுமுனை புதிதாக வரைந்து தருமானால் உங்கள் திரையின் அளவையே கொடுங்கள். கண்ணாடியாக மட்டும் காட்டுமானால், அங்கிருப்பவரிடம் கேட்டு அந்த மானிட்டரையே 1366க்கு 768 ஆக்கச் சொல்லுங்கள். முழுத்திரையில் வேலை செய்யும்போது உச்சியில் நிற்கும் இணைப்புப் பட்டையை மட்டும் மறைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை மாலை நீங்கள் அணைப்பது தருமபுரத்துக் கணினியா சென்னைக் கணினியா என்பது தெரியாது. சென்னையில் அதைப் போட்டுவிடத் திங்கட்கிழமைதான் ஆள் வருவார்.