சீசன் டிக்கெட் லாபமா?

கேள்வி: வ. புதுப்பட்டியில் இருக்கும் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி ரசிகர் சீசன் டிக்கெட் வாங்கலாமா?

பதில்: சீசன் டிக்கெட் விலையை ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்தால் விடை கிடைக்கும். அது 8 என்றால், ஒன்பதாவது ஆட்டத்திலிருந்துதான் லாபம்.

2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் சொந்த மைதானத்தில் 12 ஆட்டங்கள். சென்னையின் அணிக்குச் சொந்த மைதானமான நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்துப் பெரியமேட்டுக்காரர் பன்னிரண்டுக்கும் நடந்தே போய்விடுவார். வ. புதுப்பட்டிக்காரரோ ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை ரயில் ஏறி இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். இரவு 7.30 மணி ஆட்டம் முடிவதற்குள் ஊர் திரும்பும் பொதிகை கிளம்பியிருக்கும். மிச்சம், ராத்திரி பஸ் அல்லது மறுநாள் லீவு.

அட்டவணை வெளிவரும் முன் பணம் கட்டுவதும் சரியல்ல. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டம் ரத்தானால் பணம் திரும்புமா, உறவினருக்கு டிக்கெட்டைக் கொடுக்கலாமா என்ற விதிகளை முதலில் படிக்க வேண்டும்.

பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போக முடிந்தவருக்குச் சீசன் டிக்கெட் சிக்கனம். போக முடியாதவருக்கு அது அணிக்கு வைக்கும் மொய். மனமிருந்தால் வைக்கலாம். இல்லையேல் கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு அணிகளோடு வார இறுதியில் வரும் ஆட்டங்களுக்கு ஒற்றை டிக்கெட்டே போதும்.