கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைநாட்டில் ஈம் என்ற ஊருக்கும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே, ஒற்றையடிப் பாதை ஓரத்தில் ஓர் எல்லைக்கல் கிடக்கிறது. அதன்மேல் சில குழிகள். ஷெஃபீல்டில் குடியேறிய புதிதில் அதைப் பார்க்கப் போனபோது என் மனமெல்லாம் ஈமின்மேல்தான் இருந்தது.

யாருக்கும் அப்படித்தான் இருக்கும். 1665இல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக்கும் வந்தது என்பது ஊர் வழக்கு. மறு ஆண்டு ஜூனில், பாதிரியார் வில்லியம் மொம்பெசனும் அவருக்கு முன்பு அப்பதவியில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் எடுத்துச் சொல்ல, நோய் வெளியே பரவாதிருக்க, ஊரார் எல்லை தாண்டுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். நோய் நீடித்த 14 மாதங்களில் சுமார் 260 பேர் மாண்டார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். மொம்பெசனின் மனைவி கேத்தரினும் தப்பவில்லை.

ஆனால் அடைபட்ட ஊர் எதைச் சாப்பிட்டது? டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். ஸ்டோனி மிடில்டன்காரர்களும் ரொட்டியும் பண்டங்களும் சுமந்து மேடேறி வந்து கல்லருகே வைத்தார்கள். தொற்று நீங்கட்டும் என்று குழிகளில் ஊற்றிய வினிகரில் ஈம்காரர்கள் போட்ட காசை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். மூச்சுக்காற்றிலேயே சாவு வரும் என்று நம்பிய காலம் அது. வராமலே இருந்திருக்கலாம். வந்தார்கள்.

2020 ஊரடங்கில் நான் காய்ச்சலோடு அறைக்குள் கிடந்தபோதுதான் இது எனக்கு முழுதாக உறைத்தது. பக்கத்து வீட்டு அம்மாள் பாலும் ரொட்டியும் வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு, தெருவில் தள்ளி நின்று நான் கதவு திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

பிறகு மறுபடி அந்தப் பாதையில் நடந்தேன். ஒரு காலத்தில் எவரும் நுழைய அஞ்சிய ஈமுக்கு இன்று பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். அருங்காட்சியகம் இருக்கிறது, செத்தவர்களின் பெயர்ப்பலகைகள் வீட்டு வாசல்களில் இருக்கின்றன, ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று நினைவு வழிபாடு நடக்கிறது. வினிகர் இருந்த குழிகளில் பயணிகள் சில்லறை போடுகிறார்கள். கீழே ஸ்டோனி மிடில்டனோ, லாரிகள் இரையும் நெடுஞ்சாலையில் பலரும் நிற்காமல் கடந்துபோகும் ஊர். 1759இல் கட்டிய அதன் எண்கோணத் தேவாலயம் எவ்வளவு அழகு!

ஈமின் தியாகத்தில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த உறுதி நிலைத்ததில் ரொட்டி சுமந்தவர்களுக்கும் பங்குண்டு. ஈமுக்குப் போகிறவர்கள் கல்லோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் சற்று இறங்கி, ஸ்டோனி மிடில்டனையும் பார்த்துவிட்டு வாருங்கள்.