தொட்டால் துலங்கும்

ஸ்வஸ்திஸ்ரீ. 11.6 அங்குலத் திருமுகமும், 360 பாகை வளைந்து கொடுக்கும் முதுகெலும்பும், விரல் பட்டால் சிலிர்க்கும் திருமேனியும் உடைய மாட்சிமை தங்கிய மலிவுவிலைத் தொடுதிரை மடிக்கணினிப் பெருமான், அம்பர்நாத் கிழக்கில் அடியேனின் ஒன் ரூம் கிச்சனில் எழுந்தருளி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் அவர் புகழைப் பாடாமல் இருந்தது என் நன்றிகெட்டத்தனம் அல்ல. அவர் மீதே தட்டச்சு செய்து பாடிவிடலாம் என்று அவர் கண் விழிக்கக் காத்திருந்தேன். அந்தத் தாமதம்தான். இதைப் போனில் எழுதுகிறேன்.

2022-இல் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். கணினி வேண்டும் என்றாள். தாராவி 90 அடி ரோட்டில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் மச்சினன் செய்தி கேட்டு ஓடி வந்து, நல்லவன் போலவே ஒரு யோசனை சொன்னான்.

"அத்தான், ஆபீஸ்ல மூணு வருசம் ஓட்டிட்டுக் கழிச்சுப் போடுற லேப்டாப்பு லாமிங்டன் ரோட்டுல நெறையக் கெடைக்கி. எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி. ரேம் பத்தலன்னா பெறகு கூட்டிக்கிடலாம். என் பட்டறைக் கணக்கே அதுலதான் ஓடுது. தொட்டுத் தடவ முடியாது, அம்புட்டுத்தான். ஒழைக்கும்."

உழைக்குமாம்! என்ன கீழான பார்வை. ராஜாவைத் தேடிப் போகிறவனிடம் கூலியாளைக் காட்டுகிறான். அதுவும் பொத்தானை அழுத்திப் பத்து விநாடியில் எழுந்து நிற்கிற அவசரக் குடுக்கை. கும்பகர்ணனுக்கு இருந்த மரியாதை, கூப்பிட்டதும் ஓடி வரும் வேலைக்காரனுக்கு எந்தக் காவியத்தில் உண்டு? மச்சினனை டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் லோக்கல் ஏறி, தாதரில் மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினேன். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர்ப்பலகை சொல்லும். நடந்து போகிறவர்களுக்கு இன்றைக்கும் அது லாமிங்டன் ரோடுதான்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே "ஆவோ, அண்ணா" என்றார். பம்பாயில் தென்னாட்டுக்காரன் எவனும் உலகத்துக்கே அண்ணன். பெருமானைக் கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்து, திரையில் ஒரு படத்தை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். படம் நகர்ந்தது. என் உள்ளமும் நகர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் அநாகரிகம் எனக்கு வரவில்லை. ஆனாலும் மச்சினன் சொல்லி அனுப்பியிருந்தானே என்று, "பேனல் எது?" என்று மட்டும் கேட்டேன். "டிஎன் பேனல், அண்ணா" என்றார். தமிழ்நாடு! 19,990 ரூபாயில் பெருமானே நம்ம ஊர்க்காரராக அமைந்த பாக்கியத்தை எண்ணி நெஞ்சு விம்மியது. கடைக்காரர் மேலும் ஒரு வாக்கு அருளினார்: "படாயி கே லியே பஹுத் ஹை." படிப்புக்கு இது தாராளம்.

தாராளம். இந்தச் சொல்லின் தத்துவம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகே விளங்கியது.

டிஎன் என்பது ட்விஸ்டட் நெமாட்டிக் என்று மச்சினன் பிறகு சொன்னான். முறுக்கிய திரவப் படிகமாம். அந்த முறுக்கு பெருமானின் குணத்திலும் உண்டு. நேரே, நெற்றிக்கு நேராக, தரிசன வரிசையில் நிற்பவனைப் போல் நின்றால் மட்டுமே முகம் காட்டுவார். கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் கறுப்பாவார், மேலிருந்து பார்த்தால் வெளுப்பாவார். இந்தக் கற்பு வேறு எந்தத் திரைக்கு வரும்? லோக்கலில் நான்காம் சீட்டில் பாதி உடம்பை வைத்து அமர்ந்திருப்பவர் பக்கத்து ஆளின் போனில் பட்டாணிக் கடலை கொறித்தபடி முழுப் படமும் பார்த்துவிடுவார். என் பெருமானிடம் அந்த ஜம்பம் பலிக்காது. ஜன்னல் ஓர வெயிலில் எனக்கே பலித்ததில்லை. பளபளக்கும் அந்தக் கண்ணாடியில் என் முகமும், கல்யாணில் தாண்டிப்போகும் விளக்குக் கம்பங்களும் துல்லியமாகத் தெரியும். முகச்சவரத்துக்கு இதற்கு மேல் வேண்டாம்.

எளிமையைச் சொல்கிறேன். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாப்ட் விதித்த குறைந்தபட்சத் தகுதி 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு. பெருமானிடம் இருப்பது 4, 64. ஒரு குன்றிமணி கூடுதல் இல்லை. துறவிகள் கூட மாற்றுக் கோவணம் ஒன்று வைத்திருப்பார்கள். பெட்டியில் 64 என்று அச்சடித்ததை வீட்டில் திறந்து பார்த்தால் 58 சொச்சம் காட்டியது. செய்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக அளந்து போட, விண்டோஸ் 1,024 வீதம் அளந்து கொள்கிறது. மீட்புப் பகுதி என்று கொஞ்சம் ஒளித்தும் வைத்துக்கொள்கிறது. கொடுக்கிற மரக்கால் வேறு, கொள்கிற மரக்கால் வேறு. பண்ணையார் காலத்துப் பண்பாடு அழியாமல் காக்கப்படுகிறது. அதில் விண்டோஸ் தனக்கென்று பாதியை வளைத்துப்போட்ட பின் மிஞ்சுவது மகளுக்கு. இடம் பற்றாதபோது கூட்டலாமே என்று மச்சினன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அடிமூடியைக் கழற்றிப் பார்த்தான். நினைவகம், சேமிப்பு இரண்டையும் தாய்ப்பலகையோடு சாலிடர் வைத்து ஒட்டியிருந்தார்கள். சேமிப்பு எஸ்எஸ்டி அல்ல, இஎம்எம்சி. மலிவு போன்களுக்குள் இருக்கும் அதே ரகம். உடன்கட்டை ஏறும் உத்தமம் என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மூடியை மூடினான்.

காலையில் பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்காரி குக்கரை அடுப்பில் ஏற்றுவாள். மூன்று விசில் அடித்து அடங்கி, ஆவி போய், மூடி திறக்கும் நேரத்தில் பெருமான் கண் மலர்வார். கண் மலர்ந்தது தரிசனத்துக்குத்தானே தவிர வேலைக்கு அல்ல. பிரவுசரில் மூன்று பக்கங்கள் திறந்து, நான்காவதைத் தொட்டால், முதல் பக்கத்தை மறந்துவிடுவார். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாத பெருந்தன்மை! மகளுக்குப் பொறுமை கற்றுக்கொடுக்க எத்தனை டியூஷன் வைத்திருந்தாலும் இது வந்திருக்குமா? வட்டம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே அவள் இரண்டு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள். அம்பர்நாத் குளிருக்கு அது அதிகம் என்பது வேறு விஷயம்.

இனித் தொடுகையின் மகிமை. மடிக்கணினியின் நிமிர்ந்த திரையைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தால் கொஞ்ச நேரத்தில் கை கழன்று விழும் போலாகிவிடும் என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறிச் சொல்லி, அப்படிப்பட்ட மடிக்கணினியே வேண்டாம் என்று ஒதுக்கினார். பாவம், தண்டால் எடுக்காத தேகம். எங்கள் வீட்டில் இப்போது மகளின் வலது புஜம் இடது புஜத்தைவிடச் செழித்திருக்கிறது. மேலும் பெருமானின் கீல் மிகவும் பணிவானது. நெற்றியில் விரல் வைத்ததும் "ஆமாம், ஆமாம்" என்று முன்னும் பின்னும் தலையாட்டுவார். தலையாட்டி முடித்து நிலைகொள்ளும்வரை அடுத்த எழுத்தைத் தொட முடியாது. எந்தக் கட்சியிலும் இப்படியொரு தொண்டர் கிடையாது.

முதல் ஆண்டு முடிந்த வாரம், உத்தரவாதமும் முடிந்த வாரம், சார்ஜர் முக்தி அடைந்தது. இந்தக் காலக் கணிப்புக்கே பஞ்சாங்கக்காரர்கள் பாதபூஜை செய்ய வேண்டும். சர்வீஸ் சென்டரில் "பார்ட் வராது" என்றார்கள். அன்பான மனிதர்கள், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல என்னை இரண்டு சனிக்கிழமை வரவழைத்துப் பார்த்தார்கள். பக்கத்து ஸ்டேஷன் உல்லாஸ்நகர் எதற்கு இருக்கிறது? 'மேட் இன் யுஎஸ்ஏ' என்று அச்சடித்து, கேட்டால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விரிவுரை சொல்லும் அந்த ஊரின் புகழ் பம்பாய் முழுக்கப் பழைய ஜோக். அங்கே 350 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் வாங்கி வந்தேன். எங்கள் கட்டடத்தில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்கு மட்டும், எர்த் கிடையாது. அந்தச் சார்ஜரும் இந்தச் சுவரும் கூடியதும் பெருமானுக்கு அருள் வந்துவிட்டது. யாரும் தொடாமலே திரை தொட்டதாக எண்ணிக்கொண்டது. ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, மகள் தூங்கிக்கொண்டிருக்க, பெருமான் தாமாகவே அவளுடைய வகுப்பு ஆசிரியைக்கு வீடியோ கால் போட்டார். ஆசிரியை எடுத்தும் விட்டார். பின்னணியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்து, "ஏங்க, யாரோ ஒரு அம்மா நைட்டியில நம்மளப் பாக்குறாங்க" என்றாள். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இப்படியொரு நெருக்கத்தை எந்தக் கல்வித் திட்டம் உண்டாக்கியது?

உண்டாக்கப் பார்த்தார்கள், பார்க்காமல் இல்லை. பெருமானின் குலம் சாமானியமானது அல்ல. 2009 பிப்ரவரி 3 அன்று திருப்பதியில், உலகமே கழுத்தை நீட்டிக் காத்திருக்க, நமது அரசு 10 டாலர் லேப்டாப்பை வெளிக்கொணர்ந்தது. பார்த்தால் அதில் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. பாடங்களைச் சேமித்துவைக்கும் ஒரு பெட்டி. அந்தத் தலத்துக்குப் போனால் முடி இறக்குவதுதான் வழக்கம். லேப்டாப் தன்னிடம் இருந்த அனைத்தையும் இறக்கிவிட்டு வந்தது. பக்தியில் இதை மிஞ்ச முடியுமா?

அடுத்த ஆண்டு ஜூலையில் அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் தொடுதிரைக் கணினி என்று ஒரு மாதிரியை உயர்த்திக் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று டில்லியில் அது திருநாமம் பெற்றது: ஆகாஷ். ஆகாசக் கோட்டை கட்டுவது நம் முன்னோர் காலத்திலிருந்து உள்ளதுதான். அதை 7 அங்குலத்தில் கையடக்கமாகக் கட்டிக் கொடுத்தது இந்த யுகத்தின் சாதனை. 366 மெகாஹெர்ட்ஸ் செயலி. 256 எம்பி நினைவகம். 2,100 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. திரையோ, விரலின் மென்மையை ஏற்காத ரெசிஸ்டிவ் ரகம். இரண்டு படலங்கள் ஒன்றையொன்று தொடும்படி நகத்தால் அழுத்தினால்தான் மனம் இரங்கும். கல்வி கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும் என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் சொன்னதை மின்னணுவில் நிறைவேற்றிய கருவி அது. விழாவில் அதைக் கையில் வாங்கிய மாணவர்கள் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர்களின் சொந்தப் பிள்ளைகள் எதில் படித்தார்கள் என்று கேட்பது மரியாதை அல்ல.

சோதிக்கும் பொறுப்பு ராஜஸ்தான் ஐஐடியிடம். அவர்கள் கருவியைக் கொட்டும் மழையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பாலைவன மாநிலத்தில் மழை மீது எவ்வளவு நம்பிக்கை! தயாரித்த டேட்டாவிண்ட் நிறுவனம், இந்த விலைக்கு இந்தச் சோதனையா என்று மனம் நொந்தது. இருவரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, 2012-இல் பொறுப்பு எங்கள் பவாய்க்கு, பம்பாய் ஐஐடிக்கு வந்து சேர்ந்தது. மழைக்கு ஏற்ற ஊர்தான். அந்த நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2-ஐ வெளியிட்டார். இதில் விரல் பட்டாலே போதும், நகம் வேண்டாம். செயலி 1 கிகாஹெர்ட்ஸ், நினைவகம் 512 எம்பி. இப்படி ஒரே ஆண்டில் தன்னைத்தானே பழசாக்கிக்கொள்ளும் வேகம் செயலியில் இல்லாவிட்டால் என்ன, திட்டத்தில் இருந்தது. பிறகு ஆட்சி மாறியது, பேச்சு நின்றது, ஆகாஷ் ஆகாசத்தில் கலந்தது. ஆனால் "படிப்புக்கு இது தாராளம்" என்ற அந்த வம்சத்து மந்திரம் சாகவில்லை. டில்லி மேடையிலிருந்து இறங்கி லாமிங்டன் ரோட்டுக் கடையில் குடியேறி, என்னை "அண்ணா" என்று கூப்பிட்டது.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கல்வெட்டு 1060-ஆம் ஆண்டைச் சொல்கிறது. சிலாஹார அரசர்கள் கட்டியது. ஆயிரம் ஆண்டை நெருங்கியும் ஓர் அப்டேட் கேட்காமல் நிற்கிறது. அந்தக் கல்லுக்கு என்ன தெரியும்? பெருமான் மாதம் தவறாமல் கேட்பார். கொடுத்தால் இடம் போதவில்லை என்பார், தட்சிணையாக ஒரு பென்டிரைவ் செருகச் சொல்வார். செருகினாலும் நடுவில் மனம் மாறிப் பழைய நிலைக்கே திரும்புவார். ஒரு பெரிய அப்டேட்டை மகள் ஏழு மாதமாக "பிறகு, பிறகு" என்று தொட்டுத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

போன ஆயுத பூஜை. மறுநாள் காலை அவள் ஒரு புராஜெக்ட்டை ஒப்படைக்க வேண்டும். எல்லாம் பெருமானின் உள்ளே. வீட்டுக்காரி அரிவாள்மனை, தையல் மெஷின், என் டிபன் கேரியர் எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் அடுக்கி, நடுநாயகமாகப் பெருமானைத் திறந்த திருமுகத்தோடு எழுந்தருளப் பண்ணினாள். கரைத்த சந்தனத்தைத் தொட்டு, திரையின் நடுவே, குளிரக் குளிர ஒரு பொட்டு வைத்தாள். மூன்று ஆண்டில் இவ்வளவு துரிதமாக அவர் எந்தத் தொடுகைக்கும் பதில் சொன்னதில்லை. ஏழு மாத அப்டேட் தொடங்கிவிட்டது. திரை மாறி, கணினியை அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. மகள் "அம்மா!" என்றாள்.

மச்சினன் பட்டறைப் பூஜையை முடித்துப் பொரிகடலையோடு வந்தபோது இரவு ஒன்பது. சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதன் கீழே 23 சதவீதம் என்று இருந்தது. மகள் சமையலறையில் உட்கார்ந்து கோடு போட்ட தாளில் முதல் பக்கத்திலிருந்து கையால் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் தன் பையிலிருந்து அந்தக் கூலியாள் லேப்டாப்பை எடுத்து, பேசாமல் அவள் பக்கத்தில் வைத்தான். நான் கற்பூரத் தட்டை இன்னொரு முறை பெருமானுக்குக் காட்டினேன். 24.