அடி வாங்கியவர்களும் அட்டை எடுத்தவர்களும்

எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் அப்பாக்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்." 1970களில் வடசென்னைச் சாத்தாங்காட்டில் என்னைச் சேர்த்தபோது என் அப்பாவும் அதையே சொன்னார். விம்கோ தீப்பெட்டி ஆலையில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்தவர். என் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனாலும் அடியாத மாடு படியாது என்பதை வேதவாக்காக நம்பினார்.

வாத்தியார்களும் நம்பினார்கள். மர ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் போடுவார்கள். வாய்ப்பாடு தடுமாறினால் வெயிலில் முட்டி போடவேண்டும். எங்கள் வாத்தியார்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரே அறையில் இரண்டு வகுப்பு, எழுபது எண்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை என்றால் கையில் பிரம்பு இல்லாமல் அந்தக் கூட்டத்தை எப்படி உட்கார வைப்பது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்கு அடியைவிட மறக்காமல் இருப்பது வேறொன்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு லோடுமேன் வீட்டுப் பிள்ளை. அம்மா வேலைக்குப் போகும் நாளில் கைக்குழந்தைத் தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டிலேயே நின்றுவிடுவான். திரும்பி வந்தால் வராத நாளுக்கு ஓர் அடி. அந்த நாளில் நடத்திய பாடம் தெரியாததற்கு இன்னோர் அடி. பாடம் அவனுக்காக நிற்காது. வகுப்பு பின்னக் கணக்குக்குப் போயிருக்கும், அவன் வகுத்தலிலேயே நிற்பான். ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, பிறகு வரவே இல்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை. வளர்ந்த பிறகு இரும்பு மார்க்கெட்டில் ட்ரெய்லருக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ஆங்கிள் கட்டு இத்தனை, கம்பிக் கட்டு இத்தனை என்று சொன்னால் போதும், மொத்த எடையையும் கூலியையும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். அவனைத்தான் நாங்கள் படிக்காதவன் என்று எழுதிவைத்தோம்.

அவனுக்கு வேண்டியிருந்த பள்ளிக்கூடம் பிற்பாடு வந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில், அட்டைகளை வைத்துப் பிள்ளை தன் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். முன்பு வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளோடு பழகியவர் அவர். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலியில், சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக வளர்ந்திருந்த அட்டை முறையை ஆசிரியர்களையே அனுப்பிப் பார்க்கச் செய்தார். பார்த்து வந்த ஆசிரியர்களே இங்கே அட்டைகளைத் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டே அது மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 2007-இல் தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. எங்கள் சாத்தாங்காடு இருக்கும் திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி; சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-இல்தான். அதனால் மாநிலம் முழுக்க வந்தபோதுதான் எங்களுக்கும் வந்தது.

அந்தச் சமயத்தில் அக்கா பேத்தியை அழைத்து வர ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். மணி அடிக்க நேரம் இருந்ததால் வாசலிலேயே நின்று பார்த்தேன். டீச்சர் தரையில் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். சுவரின் கீழ்ப்பக்கம் சுற்றிலும் கரும்பலகை, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, அவர்கள் வரைந்ததையும் எழுதியதையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். சுவரில் கற்றல் ஏணி என்று ஓர் அட்டவணை: படிக்கு ஒரு படம், ஓர் எண். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்க்கிறது, அதே படமும் எண்ணும் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கிறது, அந்த அட்டைக்குரிய குழுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சில அட்டைக்கு டீச்சர் துணை வேண்டும், சிலதற்குக் கூட்டாளி போதும், சிலதைத் தானே செய்யலாம். தேர்வும் ஓர் அட்டைதான். எந்தப் பிள்ளை அந்தப் படிக்கு வருகிறதோ அன்று அதற்குத் தேர்வு.

அம்மை போட்டு நாள்கணக்கில் வராமலிருந்த ஒரு பையன் அன்றுதான் திரும்பியிருந்தான். யாரும் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கவில்லை. ஏணியில் தன் படியைத் தேடினான், விட்ட இடத்து அட்டையை எடுத்தான், உட்கார்ந்தான். எனக்கு அந்த லோடுமேன் பிள்ளையின் முகம்தான் வந்தது. அவனுக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிள்ளை தன் வேகத்தில் கற்கட்டும் என்ற இந்த எண்ணம் புதிதும் இல்லை. 1907-இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில், வேலைக்குப் போகும் ஏழைகளின் பிள்ளைகளுக்காகத்தான் மரியா மாண்டிசோரி தன் முதல் பள்ளியைத் திறந்தார். 1939-இல் அவரே சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி நடந்த இடம் அடையாறு என்பதாலோ என்னவோ, கூவத்தைத் தாண்டி வடக்கே அந்த எண்ணம் வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் அவர் பெயர் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கென்று பிறந்த கல்வி, எங்கள் ஊர்த் தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடம் கட்டணமில்லாமல் வந்து சேர்ந்தது அரசுப் பள்ளி வழியாகத்தான்.

வந்து சேர்ந்ததை நாங்கள் என்ன செய்தோம்? பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் கேட்டாள்: "அண்ணே, அங்க பாடமே நடத்த மாட்டேன்றாங்களாமே? அட்டைய வச்சினு வெளையாடிக்கினு கீதுங்களாம். ஹோம் ஒர்க்கும் இல்ல, எக்ஸாமும் இல்ல. புள்ளைக்கு இன்னா வரும்?" வட்டிக்கு வாங்கி ஓர் ஆங்கில நர்சரியில் சேர்த்தாள். பிள்ளை எல்கேஜியில் இரவு ஒன்பது மணிக்கு அழுதுகொண்டே 'ஏ' முதல் 'இசட்' வரை எழுதியது. எழுதி முடிக்காத நாளில் காலையில் வயிற்று வலி வந்தது. டியூஷன் வைத்தாள், அதற்கும் பணம். நாங்கள் அழுது படித்தபோது படிப்பு இலவசம். இப்போது அழாமல் படிக்கும் இடம் இலவசமாக இருக்க, அழுவதற்குப் பணம் கட்டுகிறோம். குழந்தையின் கண்ணீரைப் பார்த்தால்தான் படிப்பு நடக்கிறது என்று நம்புகிற புத்தி, அப்பாக்களிடமிருந்து எங்கள் தலைமுறைக்கு அப்படியே இறங்கியிருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளிகள் இருந்தன. ஓராசிரியர் நான்கு வகுப்பையும் மேய்த்த இடங்களில் ஏணி சுவர் அலங்காரமாகவே நின்றது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையிலிருந்தே தொடங்கும் அதே நல்ல எண்ணம்தான். ஆனால் டீச்சர்கள் சொல்லும் குறை நியாயமானது: மதிப்பீட்டை ஓயாமல் கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிற வேலை, பாயில் உட்காரும் நேரத்தைத் தின்கிறது. பிள்ளையின் பாரத்தை இறக்கி டீச்சர் தலையில் வைத்தால் அது திரும்பப் பிள்ளையிடமே வந்து சேரும். பதிவு வேலையைக் குறைத்து, காலியிடங்களை நிரப்ப வேண்டியது அரசின் பொறுப்பு.

அழவைத்துப் படிக்கவைப்பதற்குச் சட்டமும் இடம் தரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. கட்டணம் வாங்கும் பள்ளிக்கும் அது பொருந்தும். சாத்தாங்காட்டிலும் காலடிப்பேட்டையிலும் எண்ணூரிலும் பிள்ளை வைத்திருப்பவர்கள் அட்மிஷனுக்குப் பணம் புரட்டுவதற்கு முன் ஒரு காலைப்பொழுது பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போய், போதிய ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், பிள்ளையை அங்கே சேர்த்துவிடுங்கள்.